அயல்நாட்டு உயிரினம் வாங்கும் முன், காட்டு விலங்குக்கு உணவு நீட்டும் முன்: சட்டம் கேட்கும் படிகள், வரிசை மாறாமல்

மக்காவ் கிளி, பால் பைத்தான் என்ற மலைப்பாம்பு, இகுவானா என்ற பெரிய ஓணான், ஆமை என்று ஏதாவது ஒன்றை வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கும், மலைப்பாதையில் குரங்கைக் கண்டதும் கை தானாகப் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அடிப்படைச் சட்டங்கள் மத்தியச் சட்டங்கள் என்பதால், மற்ற மாநிலங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வனத்துறையில் பதிவு செய்ய உதவி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் உயிரினம் வீட்டுக்கு வருகிறது, பிறகு கூண்டு, பிறகு மருத்துவர், கடைசியில் தாள். சட்டம் எதிர்பார்ப்பது இதற்கு நேர் எதிரான வரிசையை. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒன்றைத் தாண்டிக் குதித்தால், அதற்கு அடுத்த படிகளைச் சரியாகச் செய்தும் பயனிருக்காது.

1. அறிவியல் பெயரைக் கண்டுபிடியுங்கள்

கடையில் சொல்லும் பெயரைச் சட்டம் பார்ப்பதில்லை. அது பார்ப்பது அறிவியல் பெயரை. அதனால் விலை கேட்பதற்கு முன்பே, "இதன் அறிவியல் பெயர் என்ன?" என்று கேட்டு, ஆங்கில எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், அதுவே உங்களுக்கு முதல் தகவல்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு லவ் பேர்ட்ஸ் போதும். கடையில் எல்லாமே லவ் பேர்ட்ஸ்தான். ஆனால் முகம் ரோஜா நிறத்தில் இருக்கும் அகபோர்னிஸ் ரோசிகோலிஸ் என்ற இனம், காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அகபோர்னிஸ் ஃபிஷெரி அதன் இரண்டாம் பட்டியலில், அதாவது இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. ஒரே கூண்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பறவைகளில் ஒன்றுக்குப் பதிவு தேவையில்லை, மற்றொன்றுக்குத் தேவை. பெயர் தெரியாமல் இதை எப்படிப் பிரிப்பது?

நிறத்தை நம்பி ஏமாறுவது இன்னொரு பொதுவான தவறு. நீலம், மஞ்சள், வெள்ளை என்று வளர்ப்பில் நிறம் மாற்றிய "ரிங்நெக்" கிளிகளை அயல்நாட்டுப் பறவை என்று சொல்லி விற்பார்கள். அறிவியல் பெயரைப் பாருங்கள்: சிட்டாக்குலா க்ராமெரி. நம் ஊர் வேப்ப மரத்தில் கத்திக்கொண்டு பறக்கும் பச்சைக்கிளிதான் அது. பட்டியலில் இருப்பது இனம். நிறத்தை வைத்துச் சட்டத்திலிருந்து வெளியே வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

2. எந்த வகையில் விழுகிறது என்று பாருங்கள்

பெயர் கிடைத்தபின் பார்க்க வேண்டியது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளை. இந்தச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆறாக இருந்த அட்டவணைகள் இப்போது நான்கு. இணையத்தில் இன்னமும் பழைய ஆறு அட்டவணைக் கட்டுரைகள்தான் அதிகம் சுற்றுகின்றன. "அது நாலாவது அட்டவணைதான், பெரிய குற்றமில்லை" என்று யாராவது சொன்னால், அவர் பழைய சட்டத்தைப் பேசுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். புதிய நான்காம் அட்டவணை முற்றிலும் வேறு.

முதல் அட்டவணையும் இரண்டாம் அட்டவணையும் நம் நாட்டு விலங்குகளுக்கு. மூன்றாவது தாவரங்களுக்கு. நான்காவது, சைட்ஸ் பின்னிணைப்புகளை ஒட்டி அமைந்த அயல்நாட்டு உயிரினங்களுக்கு.

வளர்க்க நினைப்பவர் கணக்கில் இது மூன்று வகையாகிறது.

முதலாவது, நம் காட்டு உயிரினங்கள். பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு, ஆந்தை, மயில், குரங்குக் குட்டி. இவற்றைப் பிடித்து வந்தோ வாங்கியோ வளர்க்க வழியே இல்லை. பதிவு செய்தும் வைத்துக்கொள்ள முடியாது. "எங்கள் தாத்தா காலத்திலிருந்தே கிளி வளர்க்கிறோம்" என்பது உண்மையாக இருக்கலாம். சட்டத்தின் முன் அது எடுபடாது. நட்சத்திர ஆமை அதிர்ஷ்டம் தரும் என்று தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்திருப்பவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று சட்டப்படி, மற்றொன்று உயிரியல்படி. அது நிலத்தில் வாழும் ஆமை, தொட்டியில் மூழ்கியே செத்துப்போகும்.

இரண்டாவது, நான்காம் அட்டவணை உயிரினங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் வகைகள், சன் கன்யூர் கிளி, பால் பைத்தான், பச்சை இகுவானா, மார்மோசெட் குரங்கு, சல்கேட்டா ஆமை, ஆக்சலாட்டல் என்ற நீர்வாழ் உயிரி எல்லாம் இதில் வரும். வளர்க்கலாம், ஆனால் பதிவு கட்டாயம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இவற்றுக்குத்தான்.

மூன்றாவது, எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. பட்ஜரிகர், காக்கட்டீல் கிளிகள், மேலே சொன்ன ரோஜா நிற முக லவ் பேர்ட், வெள்ளெலி, கினிப் பன்றி, முயல். வன உயிரினச் சட்டத்தின் பதிவு இவற்றுக்குத் தேவையில்லை. ஆனால் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அசைய இடமில்லாத கூண்டில் அடைத்து வைப்பதே அந்தச் சட்டத்தின்படி குற்றம்.

ஒரு பொறி இங்கே இருக்கிறது, கவனியுங்கள். பச்சைக்கிளி சைட்ஸ் பட்டியலில் இல்லை. அதை மட்டும் பார்த்துவிட்டு "பதிவு தேவையில்லாத பறவை" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. ஆனால் அது நம் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. எனவே எப்போதும் முதலில் முதல் இரண்டு அட்டவணைகளைப் பாருங்கள், அதன்பின் நான்காவதைப் பாருங்கள். சைட்ஸ் நிலையைச் சரிபார்க்க "ஸ்பீசீஸ் பிளஸ்" என்ற இலவச இணையத் தரவுத்தளம் போதும். அறிவியல் பெயரைத் தட்டினால் எந்தப் பின்னிணைப்பு, எந்தத் தேதியிலிருந்து என்று வந்துவிடும். தேதி பயன்படும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல், கட்டுப்பாடு அதிகமான முதலாம் பின்னிணைப்பில் இருக்கிறது. அதற்கு முன் இரண்டாவதில் இருந்தது. பழைய தகவலை வைத்துக்கொண்டு பேசும் விற்பனையாளரை இதில் எளிதாகப் பிடித்துவிடலாம்.

3. வீட்டையும் மருத்துவரையும் தயார் செய்யுங்கள்

பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. வைத்திருக்கும் இடம் பற்றிப் பதிவின்போது சொல்ல வேண்டியிருக்கும், வனத்துறையினர் நேரில் பார்க்கவும் வரலாம். அட்டைப் பெட்டியில் பாம்பை வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதுவது நல்ல தொடக்கமல்ல.

ஆயுளைக் கேளுங்கள். பால் பைத்தான் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். சாம்பல் கிளியும் பெரிய மக்காவும் நாற்பதைத் தாண்டும். நாற்பது வயதில் மக்காவ் குஞ்சு வாங்குபவர், தனக்குப்பின் யார் பார்ப்பார் என்று இப்போதே யோசிக்க வேண்டும். சல்கேட்டா ஆமை உள்ளங்கையில் அடங்கும் அளவில் வரும், வளர்ந்தால் ஐம்பது கிலோவைத் தாண்டும். அடுக்குமாடிப் பால்கனியில் அதற்கு வேலையில்லை.

அடுத்தது மருத்துவர். நாய், பூனை பார்க்கும் எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றையும் கிளிகளையும் பார்ப்பதில்லை. உங்கள் மாவட்டத்தில் பார்ப்பவர் யார் என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். பின்னால் அடையாளச் சான்று, தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப், இறப்புச் சான்று எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும்.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பாம்பு வளர்க்கிறேன் என்பதைக் குடியிருப்போர் சங்கம் பத்திரிகைச் செய்தியாகத் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் தெரிந்துகொள்வது நல்லது.

4. விற்பவரின் தாள்களைப் பாருங்கள்

2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். நகைக் கடையில் ஹால்மார்க் கேட்கிறோம்.

நான்காம் அட்டவணை உயிரினம் என்றால், விற்பவரே அதைத் தன் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்கியதற்கு ரசீதும் வேண்டும். ரசீதில் அறிவியல் பெயர், எண்ணிக்கை, கால் வளையம் அல்லது மைக்ரோசிப் எண், தேதி, விற்பவரின் முகவரி இவ்வளவும் இருக்க வேண்டும். "பறவை ஜோடி 1" என்று எழுதிய துண்டுச் சீட்டு எதற்கும் உதவாது.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கிளி வாங்கும்போது பளபளப்பான ஒரு டி.என்.ஏ. அட்டை கொடுப்பார்கள். ஆய்வகத்தின் முத்திரை இருக்கும், வளைய எண் இருக்கும், பார்க்க அரசாங்கச் சான்றிதழ் போலவே இருக்கும். அது சொல்வது ஒன்றே ஒன்று: பறவை ஆணா, பெண்ணா. அதை வைத்து உரிமையை நிரூபிக்க முடியாது. அதேபோல் காலில் மாட்டிய மூடிய வளையமும் உரிமமல்ல. குஞ்சாக இருக்கும்போது மாட்டிய வளையம் என்பதால், வளர்ப்பில் பிறந்தது என்பதற்கு அது ஒரு துணைச் சான்று, அடையாளம் காணவும் உதவும். அவ்வளவுதான். "ரிங் இருக்கு, டி.என்.ஏ. இருக்கு, வேற என்ன சார் வேணும்?" என்று கேட்பவரிடம், பதிவு நகல் வேண்டும் என்று சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டகிராமிலும் படம் போட்டு, பஸ் பார்சலில் அனுப்புகிறேன் என்பவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். முகவரி இல்லாத விற்பனையாளரால் உங்களுக்கு எந்தத் தாளும் தர முடியாது. காற்றுத் துளை போட்ட பெட்டியில் பஸ்ஸின் அடித்தட்டில் வரும் உயிரினம் உயிரோடு வந்தாலே பெரிது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கொண்டுவருவது தனிக் கதை. ஏற்றுமதி செய்யும் நாட்டின் சைட்ஸ் அனுமதி, இங்கே தலைமை வன உயிரினக் காப்பாளரின் தடையின்மைச் சான்று, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம், வந்தபின் விலங்குத் தனிமைப்படுத்தல் என்று எல்லாம் முன்கூட்டியே வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் குட்டிகளை மறைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் பிடிபடுகிறவர்கள் பற்றி அடிக்கடி படிக்கிறோம். அந்த வழியில் தப்பி வந்தவைதான் பலமுறை "தாள் பிறகு தருகிறேன்" என்று விற்பனைக்கு வருகின்றன.

5. பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யுங்கள்

2024 பிப்ரவரி 28 அன்று, உயிருள்ள விலங்கினங்களை அறிவித்துப் பதிவு செய்வதற்கான விதிகள் வந்தன. அப்போதே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம், அதாவது 2024 ஆகஸ்ட் 28 வரை. அதன்பின் வாங்குகிறவர்களுக்கு, உயிரினம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். விண்ணப்பம் பரிவேஷ் 2.0 என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாக, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும்.

உட்காரும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: உங்கள் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, ரசீது, விற்றவரின் பதிவு நகல், வளைய அல்லது மைக்ரோசிப் எண், பாலினம், ஏறக்குறைய வயது, படங்கள். படம் எடுப்பதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். முழு உடல் பக்கவாட்டில் ஒன்று, தலை அருகில் ஒன்று, வளைய எண் படிக்கும்படி ஒன்று, இருப்பிடம் முழுவதும் தெரியும்படி ஒன்று. பைத்தான் என்றால் முதுகின் வடிவங்களை மேலிருந்து எடுங்கள். ஒவ்வொரு பாம்புக்கும் அந்த வடிவம் வேறுபடும், அதனால் பின்னால் "இது அதே பாம்புதானா?" என்ற கேள்வி வந்தால் அதுதான் பதில்.

விண்ணப்பத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சின்னவை. அறிவியல் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. ரசீதில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறு பெயர், ஏனென்றால் பணம் கொடுத்தது தம்பி, வளர்ப்பது அண்ணன். ஆதாரில் சொந்த ஊர் முகவரி, உயிரினம் இருப்பது சென்னையில். யாருடைய பெயரில் பதிவோ, அவர் பெயரிலேயே ரசீது வாங்குங்கள். உயிரினம் உண்மையில் இருக்கும் முகவரியைக் கொடுங்கள், அங்கேதான் ஆய்வுக்கு வருவார்கள்.

30 நாள் நிறைய இருக்கிறது என்று கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள். ஒரு படம் சரியில்லை, ஒரு தாள் மங்கல் என்று திரும்ப வந்தால் சரி செய்ய நாள் வேண்டும். உயிரினம் வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்ப எண் வந்ததும் அச்செடுத்து ரசீதோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

6. பதிவோடு வேலை முடிவதில்லை

குட்டி போட்டால், குஞ்சு பொரித்தால், உயிரினம் இறந்தால், வேறொருவருக்குக் கொடுத்தால், ஒவ்வொன்றையும் தெரிவிக்க வேண்டும். நண்பருக்கு இலவசமாகக் கொடுத்தாலும் அது கைமாற்றம்தான். அவரும் தன் பெயரில் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இறப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வருத்தத்தில் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். ஏட்டில் அந்தக் கிளி இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நாளை ஆய்வுக்கு வந்து "எங்கே?" என்று கேட்டால், விற்றுவிட்டீர்கள் என்ற சந்தேகம்தான் முதலில் வரும். மருத்துவரிடம் காட்டி, இறப்புக் காரணத்துடன் சான்று வாங்கித் தெரிவியுங்கள்.

ஜோடி போட்டுக் குஞ்சு எடுத்து விற்கும் எண்ணம் இருந்தால், முதலாம் பின்னிணைப்பு இனங்களுக்கு இனப்பெருக்க உரிமம் தனியாக வேண்டும். சாம்பல் கிளி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பதிவும் உரிமமும் ஒன்றல்ல.

7. ஏற்கெனவே தாள் இல்லாமல் வைத்திருந்தால்

2020 ஜூனில் மத்திய அரசு ஒரு தன்னார்வ வெளிப்படுத்தல் திட்டம் கொண்டுவந்தது. தாள் இல்லாமல் அயல்நாட்டு உயிரினம் வைத்திருந்தவர்கள் தாமாக அறிவிக்க அது வாய்ப்பளித்தது. அப்போது அறிவித்தவர்கள் அந்தச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். உயிரினம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது பதில். ஆனால் அதை வைத்து 2024 விதிகளின்படியான பதிவைத் தவிர்க்க முடியாது.

இரண்டையுமே தவறவிட்டவர்கள் முதலில் செய்யக் கூடாதவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விற்காதீர்கள். உறவினர் வீட்டுக்கு மாற்றாதீர்கள். முன்தேதியிட்டு ரசீது போட்டுத் தருகிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள், அது போலி ஆவணம் என்ற இன்னொரு குற்றத்தைச் சேர்க்கும். வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு, தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாமாக முன்வந்தவரின் நிலையும் சோதனையில் பிடிபட்டவரின் நிலையும் ஒன்றல்ல.

வீட்டில் இருப்பது நம் நாட்டு உயிரினம் என்றால், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் வழி. இழப்பீடு எதுவும் கிடைக்காது. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்றவற்றுக்குப் பொதுவாக 3 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கிளியைக் கூண்டைத் திறந்து பறக்கவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். பல ஆண்டு கூண்டில் இருந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, பருந்தைக் கண்டால் ஒதுங்கத் தெரியாது. வனத்துறையிடம் கொடுத்தால், பறக்கப் பழக்கி விட முடியுமா என்று பார்ப்பார்கள்.

8. எந்த நிலையிலும் ஏரியில் விடாதீர்கள்

சிவப்புக் காது ஆமை கடையில் நாணயம் அளவில் இருக்கும். சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், தொட்டி நாறும், பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடும். அப்போது கோயில் குளம் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே அது நம் நாட்டு ஆமைகளோடு இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டி போடும். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் இனங்களில் ஒன்றாக அது பட்டியலிடப்பட்டிருக்கிறது. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் மீனும் இப்படித்தான் நம் ஏரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மீனவர் வலையைக் கிழிக்கிறது, விலைக்கும் போவதில்லை.

வன உயிரினச் சட்டத்தில் 2022 திருத்தத்தின்போது சேர்ந்த 62ஏ பிரிவு, ஊடுருவும் அயல் இனங்களின் இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தல், பரவல் ஆகியவற்றைத் தடை செய்யவோ ஒழுங்குபடுத்தவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. எனவே இன்று தடையில்லாத இனம் நாளை தடைப்பட்டியலில் வரலாம். வளர்க்க முடியவில்லை என்றால் வாங்கிய கடையிடமோ, விலங்கு நல அமைப்பிடமோ, பதிவுள்ள வேறு வளர்ப்பவரிடமோ பேசுங்கள்.

9. காட்டு விலங்குக்கு உணவு: முதலில் நீங்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

இங்கே படிகள் குறைவு, ஆனால் வாக்குவாதம் அதிகம். "பசியோடு இருக்கிறது, கொடுத்தால் என்ன?" என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் நிற்பது சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம், காப்புக்காடு அல்லது அவற்றின் வழியே போகும் சாலை என்றால் விடை எளிது: வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, எதையும் வீசக் கூடாது. சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் வன உயிரினச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கிறது. உணவு வீசினால் இரண்டுமே நடக்கிறது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. சட்டம் "வேட்டை" என்று வரையறுக்கும் செயல்களில், இரை காட்டி விலங்கை ஈர்ப்பதும் அடங்கும். செல்ஃபிக்காக வாழைப்பழத்தை நீட்டி யானையைச் சாலைக்கு வரவழைப்பவர் தன்னை வேட்டைக்காரராக நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் ஆசனூர் அருகே காராப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கரும்பு ஏற்றிய லாரிகள் அந்த வழியாகப் போகின்றன. ஓட்டுநர்கள் சில கட்டுகளைச் சாலையோரம் வீசுவார்கள். யானைகள் பழகிக்கொண்டன. இப்போது குட்டியோடு சாலை நடுவே நின்று லாரியை மறித்துத் துதிக்கையால் கரும்பை உருவுகின்றன. பின்னால் வரும் பஸ்ஸில் கரும்பு இல்லை என்பது யானைக்கு எப்படித் தெரியும்?

மசினகுடிப் பக்கம் ரிவால்டோ என்று பெயர் வைத்து அழைக்கப்பட்ட ஆண் யானைக்குத் துதிக்கை நுனியில் காயம். இரக்கப்பட்டுப் பழம் கொடுத்துப் பழக்கினார்கள். அது காட்டை விட்டு வீடுகளைச் சுற்ற ஆரம்பித்தது. 2021இல் அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்து, சில மாதம் கழித்து முதுமலைக் காட்டுக்குள் விட வேண்டியதாயிற்று. பழம் கொடுத்தவர்கள் யாரும் கூண்டில் இருக்கவில்லை.

குரங்குக்கும் அதே கதைதான், இன்னும் வேகமாக நடக்கும். வால்பாறையில் புதுத்தோட்டம் பகுதிச் சிங்கவால் குரங்குகள் மரத்தின் மேலேயே வாழ வேண்டியவை. மனித உணவின் ருசி கண்டு தரைக்கு இறங்கின, சாலையைக் கடந்தன, வண்டியில் அடிபட்டன. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டி, போக்குவரத்தைக் கவனிக்க ஆள் நிறுத்த வேண்டியிருந்தது.

மலைக்கோயில் அடிவாரத்தில் பொரியும் வாழைப்பழமும் விற்கிறார்கள், பரிகாரம் என்று வாங்கிக் கொடுக்கிறோம். கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பாருங்கள். குரங்கு உங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை, கையிலிருக்கும் பையைத்தான் பார்க்கிறது. சரசரக்கும் சத்தம் கேட்டால் சோறு என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. அடுத்து வரும் பாட்டி மருந்துப் பை வைத்திருந்தாலும் பிடுங்கும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

10. வீட்டு மாடியும் தெருவும்

மாடியில் தண்ணீர்த் தட்டு வைப்பதும், காகத்துக்கு ஒரு கைப்பிடிச் சோறு வைப்பதும் குற்றமல்ல. தட்டைத் தினமும் கழுவுங்கள். சோற்றை மீதம் கிடக்க விடாதீர்கள், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டி நூற்றுக்கணக்கில் புறாக்களைச் சேர்ப்பது வேறு விஷயம். எச்சத்தால் வரும் நுரையீரல் நோய் அண்டை வீட்டாரின் பிரச்சினையாகிறது, புகார் வந்தால் உள்ளாட்சி அமைப்பு நடவடிக்கை எடுக்கலாம்.

தெருநாய் காட்டு விலங்கல்ல, அதற்கு விதி வேறு. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உணவிடத் தனி இடம் ஒதுக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், ஒதுக்கிய இடங்களில்தான் உணவிட வேண்டும், தெருவில் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் வார்டில் அந்த இடம் எது என்று மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேளுங்கள்.

11. அடிபட்ட விலங்கைக் கண்டால்

உணவிடுவதும் வளர்ப்பதும் சந்திக்கும் இடம் இது. கூட்டிலிருந்து விழுந்த அணில் குட்டி, சிறகு ஒடிந்த ஆந்தை, தாயை இழந்த குரங்குக் குட்டி. எடுத்து வந்து பால் புகட்டிப் பெயர் வைத்த பிறகு கொடுக்க மனம் வராது. 2023இல் உத்தரப் பிரதேசத்தில் காயம்பட்ட சாரஸ் கொக்கைக் குணப்படுத்தித் தன்னோடு வைத்திருந்தவர் மீது வழக்குப் பதிவானது. அந்தக் கொக்கு கடைசியில் கான்பூர் உயிரியல் பூங்காவுக்குப் போனது. அவர் நோக்கம் நல்லதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

குஞ்சு என்றால் முதலில் கூட்டைத் தேடிப் பாருங்கள். திரும்ப வைக்க முடிந்தால் வையுங்கள். மனித வாசனை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. முடியாவிட்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் அமைதியாகவும் வையுங்கள். பாலோ சோறோ புகட்டாதீர்கள், பால் பறவைகளுக்குச் செரிக்காது, மூச்சுக்குழாயில் போனால் செத்துவிடும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் 112.

ஒப்படைக்கும்போது, பெற்றுக்கொண்ட வனவர் அல்லது வனக்காப்பாளரின் பெயர், அலுவலகம், தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் கேளுங்கள். கையொப்பம் கிடைக்காவிட்டால், ஒப்படைத்த விவரத்தை அந்த இடத்திலிருந்தே மாவட்ட வன அலுவலகத்தின் மின்னஞ்சலுக்கு ஒரு படத்தோடு அனுப்பிவிடுங்கள்.